மேகாலயா குடுவைச் செடி அம்பது வருது, வாங்கிப் பதியன் போடலாமா?

பதியன்காரி, தங்கச்சிமடம்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தங்கச்சிமடத்துல மல்லிகைப் பதியன் போடுற குடும்பம். மாமனார் காலத்துலேர்ந்து இதுதான் பிழைப்பு. குச்சி நறுக்கி மணல்ல ஊணி, மேல ஓலை மறைச்சு, குடத்துல மொண்டு மொண்டு ஊத்தி, வேர் விட்டதும் பிடுங்கிக் கட்டுக் கட்டி வெளியூருக்கு அனுப்புறோம். மல்லின்னா இலையைப் பார்த்தே என்ன நோவுன்னு சொல்லிடுவேன். இந்த ஒரு செடிகிட்டதான் தோத்து நிக்கிறேன்.

போன தையில என் தம்பி கேரளாவுலேர்ந்து வரும்போது பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி ஒண்ணைத் தொங்கு தொட்டியோட கொண்டாந்தான். சீட்டுல நெப்பந்தஸ்னு மட்டும் போட்டிருந்துச்சு. இலை நுனியிலேர்ந்து ஒரு கொடி நீண்டு, அதோட முனையில குடுவை. கீழ்ப்பாதி பச்சையா உப்பி, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கி, மேல செவப்பு ஓடி, தலைக்கு ஒரு மூடி. வந்த அன்னிக்கு ஒன்பது குடுவை எண்ணினேன். இன்னிக்கு ஒண்ணுகூட இல்லை.

நான் பண்ணினதை மறைக்காம சொல்லிடறேன். தொட்டியில பாசியும் நாருமாத்தான் இருந்துச்சு, இதுல என்ன சத்து இருக்கப்போகுதுன்னு செம்மண்ணும் ஆட்டு எருவும் கலந்து மாத்தி வச்சேன். பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கடலைப் புண்ணாக்கு ஊறவச்ச தண்ணி. மத்த நாள் போர் தண்ணி. ஒன்பதாவது படிக்கிற என் மகன், பூச்சி கிடைக்கலையேன்னு பாவப்பட்டு ஒவ்வொரு குடுவையிலயும் நெத்திலிக் கருவாடு ஒண்ணைப் போட்டுவிட்டிருக்கான். வீச்சம் அடிச்சப்பதான் எனக்கே தெரியும். சித்திரைக்குள்ள அத்தனையும் கருகிப்போச்சு. இப்பவும் புது இலை வருது, கொடியும் நீளுது, ஆனா முனை மிளகு அளவுக்கு வந்ததும் கறுத்து நின்னுடுது. செடி பிழைக்குமா?

இதைவிடப் பெரிய கேள்வி வேற. நர்சரிக்காரங்க குழு ஒண்ணுல ஒருத்தர், "மேகாலயா ஒரிஜினல் குடுவைச் செடி, காட்டுச் செடி, வேரோட, 50 உருப்படி, ஒண்ணு 350 ரூபாய்"னு படம் போட்டிருக்கார். மதுரையிலேர்ந்தும் கோயம்புத்தூர்லேர்ந்தும் எங்ககிட்ட மல்லி எடுக்கிறவங்க இந்தச் செடி இருக்கான்னு நாலஞ்சு தடவை கேட்டுட்டாங்க. அம்பதை வாங்கி, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பதியன் எடுத்தா அடுத்த வருஷம் ஐநூறு. மல்லி விலை இருக்கிற நிலைமைக்கு அது எங்களுக்குப் பெரிய கை. வீட்டுக்காரர் வாங்கிடுங்கிறார். எனக்குத்தான் மனசு ஒட்டலை. படத்துல அந்தச் செடிங்க சாக்குமேல கீரைக்கட்டு மாதிரி குவிஞ்சு கிடக்கு. பதியன் பிடுங்குற கை எனக்கு. அது யாரோ வளர்த்துப் பிடுங்கினது இல்லைன்னு பார்த்ததுமே தெரியுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மாடித்தோட்டம், கீழக்கரை

சகோதரி, வாங்குறது பத்திப் பெரியவங்க யாராவது சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சது தண்ணி. இந்தச் செடியில ரெண்டைச் சாகடிச்சப்புறம்தான் மூணாவது நின்னுச்சு.

உப்பு அளக்குற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கினேன். எங்க வீட்டு போர் தண்ணியில வச்சா 2,100 காட்டுச்சு. ஏசிக் குழாய்லேர்ந்து சொட்டுற தண்ணியில 15. இந்தச் செடிக்கு அம்பதுக்குள்ள இருந்தா நல்லது. நம்ம கரையில போர் தண்ணி ஊத்துறது, கொஞ்சம் கொஞ்சமா உப்பு வைக்கிற மாதிரிதான். ஐப்பசி கார்த்திகையில மொட்டை மாடி மழைத் தண்ணியைப் பிடிச்சு மூடி வச்சுக்குங்க. முதல் மழையை ஓடவிட்டுடுங்க, மாடியில படிஞ்ச கடல் உப்பு அதுலதான் இறங்கும்.

தேங்காய் நார்த்தூளும் நம்மூர்ல ஆபத்து. உப்புத் தண்ணியில ஊறின மட்டையிலேர்ந்து வந்த தூளா இருந்தா அதுலயே உப்பு நிக்கும். நான் ஏழு தடவை அலசினேன், பிழிஞ்ச தண்ணியில மீட்டர் இறங்குற வரைக்கும்.

அப்புறம் கச்சான் காத்து. ஆனி ஆடியில மேற்குலேர்ந்து அடிக்கிற சூட்டுல குடுவை வாய் திறக்குறதுக்கு முன்னாடியே காஞ்சுடும். சுவரோரமா, பச்சை வலைக்குக் கீழ வச்சா தப்பிச்சுக்கும்.


ஆய்வகம், சாயல்குடி

தங்கச்சி, அந்த அம்பதை வாங்காதீங்க. உங்க மனசு ஒட்டலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை நம்புங்க. ஏன்னு சொல்லிட்டு, தொட்டிச் செடிக்கு வர்றேன்.

நான் ஒரு கல்லூரியில தாவரவியல் ஆய்வகத்துல உதவியாளரா 31 வருஷம் இருந்தவன். பார்மலின் ஊத்துறது, ஜாடி துடைக்கிறது, செய்முறைத் தேர்வுக்கு மேசையில மாதிரி அடுக்குறது என் வேலை. எங்க அலமாரியில மூணாவது தட்டுல குடுவைச் செடி ஜாடி இருக்கும். "நெப்பந்தஸ் – இலை மாற்றுரு"ன்னு சீட்டு. ஒவ்வொரு வருஷமும் அதை எடுத்து வைப்பேன், பிள்ளைங்க வரிசையா வந்து படம் வரைஞ்சு, இலைப்பரப்பு குடுவையா மாறியிருக்கு, காம்பு பற்றுக்கம்பியா மாறியிருக்கு, தட்டையா இலை மாதிரி தெரியுறது இலையடிப் பகுதின்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போவாங்க. பார்மலின்ல போட்ட ரெண்டு மூணு வாரத்துல பச்சையும் செவப்பும் போயிடும். பழைய டீ நிறத்துல தொங்கும். அந்தச் செடி உயிரோட எப்படி இருக்கும்னு முப்பது வருஷத்துல அந்த ஆய்வகத்துல ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜாடி உடைஞ்சாலும் உடையாட்டாலும் ஜூன் மாசம் மாதிரிகள் அனுப்புற கடைக்கு ஆர்டர் போகும். ஒரு வருஷம் தனித்தனிக் குடுவை வரலை. மரப்பெட்டியில ஈரச் சாக்குல சுத்தி முழுச் செடியா வந்துச்சு. 22 செடி, வேரோட. வேரைப் பார்த்தேன். தலைமுடி மாதிரி மெலிசு, கறுப்பு, தொட்டா ஒடியுது. உங்க மல்லி வேர் மாதிரி இழுத்தா நீண்டு குடுக்கிற வேர் இல்லை. எங்களுக்குத் தேவை மூணு ஜாடி. மீதி 19 செடியை ஆய்வகத்துக்குப் பின்னாடி கொட்டச் சொல்லிட்டாங்க.

கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு குடுவையைப் பிளேடால நெடுக்க வகுந்தேன். அடியில ரெண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பா மக்கின மாதிரி ஒண்ணு இருந்துச்சு. வெள்ளைத் தட்டுல தண்ணி விட்டுக் கலைச்சுப் பார்த்தா, எறும்புத் தலைகள். உடம்பு இல்லை, தலை மட்டும், கடுகு கொட்டின மாதிரி. அதோட ஒரு வண்டோட பச்சை இறக்கை மூடி, இன்னும் மினுக்கம் போகலை. ரெண்டு ஈ இறக்கை. நெளிஞ்சுக்கிட்டு நாலு கொசுப் புழு. இத்தனை நாள் சாக்குல சுத்திக் கிடந்தும் அதுங்களுக்கு உயிர் இருந்துச்சு. நான் ஜாடியில பார்த்துக்கிட்டு இருந்தது ஒரு செடியோட உறுப்புன்னு நினைச்சேன். அது ஒரு சின்னக் குளம்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஒரு செடியை மட்டும் எடுத்து வந்து வீட்டுத் திண்ணையில வச்சுப் பார்த்தேன். பங்குனி தாண்டலை. அது எனக்கு இன்னும் உறுத்துது.

இனி விவரம். உலகத்துல நெப்பந்தஸ் இனங்கள் நூத்தறுபதுக்கு மேல இருக்கு, பெரும்பாலும் போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் பக்கம். இந்தியாவுல ஒண்ணே ஒண்ணு, நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவுல காரோ, காசி, ஜெயந்தியா மலைகள்தான் அதோட வீடு. காரோ மக்கள் அதை மேமாங் கோக்சின்னு சொல்றாங்க, பேயோட கூடைன்னு அர்த்தம். சத்தில்லாத சரிவு மண்ணுல, மழையை நம்பி நிக்கிற செடி. அந்த மலைகளுக்கு அடியிலதான் நிலக்கரியும் இருக்கு. எலி வளை மாதிரி குறுகலாக் குடைஞ்சு நிலக்கரி எடுக்கிற சுரங்கத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ல தடை பண்ணுச்சு. அதுக்குள்ள எத்தனையோ சரிவு போயிடுச்சு. காட்டை எரிச்சுப் பயிர் பண்றது, சாலை வெட்டுறது, அப்புறம் நம்மள மாதிரி ஆளுங்களுக்காகப் பிடுங்குறது. பாக்மாராவுல இதுக்குன்னே ஒரு சரணாலயம் இருக்கு. பரப்பு 0.02 சதுர கிலோமீட்டர். நம்ம கணக்குல அஞ்சு ஏக்கர், ஒரு ஊருணி அளவு.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 1991-ல முதல்தடவையா செடிகளைச் சேர்த்தப்ப ஆறு வகையைத்தான் எடுத்தாங்க. அந்த ஆறுல இது ஒண்ணு. 2022 திருத்தத்துக்கு அப்புறம் மூணாவது அட்டவணையில இருக்கு. காட்டுலேர்ந்து பிடுங்குறது, வச்சிருக்கிறது, விக்கிறது எல்லாம் குற்றம். உரிமம் இல்லாம வளர்த்துப் பெருக்குறதும் குற்றம். நாடு விட்டு நாடு போற வியாபாரத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்துலயும் முதல் பட்டியல்ல இருக்கு. நெப்பந்தஸ்லயே அந்தப் பட்டியல்ல இருக்கிறது ரெண்டு இனம்தான், இதுவும் போர்னியோவுல இருக்கிற நெப்பந்தஸ் ராஜாங்கிற இனமும். நம்ம கரைக்காரங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, கடல் அட்டையைச் சாக்குல கட்டி வச்சிருந்து பிடிபட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அதே சட்டம்தான்.

"வாங்கிப் பெருக்கினா செடிக்கு நல்லதுதானே"ன்னு வீட்டுக்காரர் கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இதுல ஒண்ணு இருக்கு. குடுவைச் செடியில ஆண் தனி, பெண் தனி. பூக்குற வரைக்கும் எது எதுன்னு தெரியாது. ஒரு சரிவுல அம்பதைப் பிடுங்கினா, மிச்சம் நிக்கிறது பூராவும் ஆணா இருந்தா அங்க இனிமே விதை கிடையாது. செடி நிக்கும், பார்க்கப் பச்சையா இருக்கும், வம்சம் முடிஞ்சிருக்கும். அப்புறம், நீங்க குடுக்கிற 17,500 ரூபாயை வாங்கிக்கிட்டு அந்த ஆள் என்ன பண்ணுவார்? அடுத்த சாக்குக்குச் சொல்லி அனுப்புவார். காட்டைத் தொடாமலே இதைப் பெருக்கலாம்னு கேரளத்துல பாலோடு தாவரவியல் தோட்டத்துல 1990-கள்லயே திசு வளர்ப்புல, அதாவது செடியோட சின்னத் துண்டை ஆய்வகக் குப்பியில வளர்த்து, செஞ்சு காட்டிட்டாங்க. பெருக்குறதுக்குக் காட்டுச் செடி தேவைங்கிற காலம் போயிடுச்சு.

இப்ப உங்க தொட்டி. நீங்க சொல்ற இடுப்பு ஒடுங்கின குடுவையை வச்சுப் பார்த்தா அது வென்ட்ராட்டாங்கிற கலப்பு மாதிரி இருக்கு. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற ரெண்டு இனத்தோட சேர்க்கை. கேரளா நர்சரிகள்ல திசு வளர்ப்புச் செடியா வர்றது பெரும்பாலும் இதுதான். கெட்டியான செடி, பிழைச்சுக்கும்.

நீங்க பண்ணினது மல்லிக்குச் சரி, இதுக்கு நேர்மாறு. மண்ணுல தழைச்சத்து கிடைக்காததாலதான் இது குடுவை கட்டுது. எருவும் புண்ணாக்கும் வேர்ல கிடைச்சா குடுவைக்கு வேலை என்ன? அதுக்கு மேல உப்புத் தண்ணி சேர்ந்தா மொட்டு முனை கருகத்தான் செய்யும். கருவாட்டைப் பத்தி உங்க மகன் தம்பியைத் திட்டாதீங்க, பசிக்குன்னு நினைச்சுப் போட்டிருக்கான். ஆனா குடுவைக்கு உள்ள இருக்கிறது ஒரு மடக்குத் தண்ணி. எறும்பு எறும்பா, நாலு நாளைக்கு ஒண்ணா கரைக்கிற தண்ணி. அதுல உப்புக் கருவாடு விழுந்தா கரையாம அழுகும், குடுவையும் சேர்ந்து அழுகும்.

அது எப்படிப் பிடிக்குதுன்னு தம்பிக்குச் சொல்லுங்க. வாய் விளிம்பு வரிவரியா இருக்கும். காஞ்சிருக்கிற நேரத்துல எறும்பு அதுல தாராளமா நடந்து, தேனை நக்கிட்டு, கூட்டத்தையும் கூட்டிக்கிட்டு வரும். மழையோ பனியோ பட்டு விளிம்பு நனைஞ்சதும் அதே இடம் வழுக்குப் பாறை. நடந்த கால் நிக்காது. மார்கழியில வாடை அடிக்கிற விடியல்ல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பார்த்தா தெரியும். விழுந்ததைச் செடி தனியாவும் கரைக்கிறதில்லை. செடி சுரக்கிற சாறு ஒரு பக்கம், உள்ளேயே பிறந்து வளர்ற கொசுப் புழுவும் நுண்ணுயிரும் ஒரு பக்கம் பிச்சுப் பிச்சுத் தின்னு கழிக்கும். அந்தக் கழிவையும் சுவர் உறிஞ்சிக்கும்.

தொட்டியைக் கவிழ்த்து, வேரை உதறாம, ஏசித் தண்ணியில நனைச்சு நனைச்சுச் செம்மண்ணைக் கரைய விடுங்க. முதல்ல தொட்டியில இருந்த மாதிரி பாசி கிடைச்சா பாசி, இல்லைன்னா கீழக்கரைக்காரர் சொன்ன மாதிரி அலசின நார்த்தூளும் கரித்துண்டும். உரம் ஒண்ணும் கூடாது. புது இலை மூணு நாலு வந்தப்புறம்தான் குடுவையை எதிர்பார்க்கணும்.


மண்டபம் மகள்

அக்கா, உங்க கேள்வியை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அம்மா இலங்கையில இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. 1974-ல தலைமன்னார்லேர்ந்து கப்பல்ல இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல இருந்து, பிறகு இங்கேயே தங்கிட்டோம்.

படத்தைப் பார்த்ததும் "இது பந்துரா"ன்னாங்க. சிங்களத்துல அப்படித்தான் பேராம். தோட்டத்து ஓடைக் கரையில, சதுப்பு ஓரத்துல புதர்மேல ஏறிக் கிடக்குமாம். அதோட தண்டை உரிச்சு விறகுக்கட்டுக்குக் கயிறாக் கட்டுவாங்களாம். பிள்ளைங்க மூடி திறக்காத பிஞ்சுக் குடுவையாப் பார்த்துப் பிய்ச்சு உள்ள இருக்கிற தண்ணியைக் குடிப்பாங்களாம். திறந்ததைக் குடிச்சா எறும்பு வாயில வரும்னு அம்மா சிரிச்சாங்க. ஐம்பது வருஷம் கழிச்சு அந்தச் செடியோட பேர் அம்மா வாயில வந்ததை நான் இன்னிக்குத்தான் கேட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு, மேகாலயாவுல இருக்கு. நடுவுல நம்ம கிட்ட ஏன் இல்லை? ஆய்வகம் ஐயா சொல்லணும்.


பதியன்காரி, தங்கச்சிமடம்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பதினெட்டு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்றேன்.

வேண்டாம்னு அந்த ஆளுக்குச் சொல்லிட்டேன். "நீங்க வாங்கலைன்னா வாங்க ஆளா இல்லை"ன்னு பதில் வந்துச்சு. ஆண் செடி பெண் செடி விஷயத்தை வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "நம்ம தாய்ச் செடியை எவனாவது வந்து வேரோட பிடுங்கினா விடுவோமா"ன்னார். அதுக்கு மேல அந்தப் பேச்சு வீட்டுல இல்லை.

தொட்டியை மாத்தியாச்சு. செம்மண் கரைய மூணு நாள் ஆச்சு. வேரைக் கண்ணால பார்த்தேன் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே கறுப்பு முடி. முந்தி மாத்தி வச்சப்ப இதை எத்தனை ஒடிச்சேனோ.

இன்னும் ரெண்டு கேக்கணும். அந்தப் படத்தை யார்கிட்டயாவது காட்டணுமா, சும்மா விட்டுடலாமா? இந்தக் கேரளாச் செடியிலேர்ந்து நான் பதியன் எடுத்து வித்தா தப்பா? மகனும் ஒண்ணு கேக்கச் சொல்றான். நம்ம ஊர்ல பூச்சி தின்னுற செடியே கிடையாதான்னு.


ஆய்வகம், சாயல்குடி

தங்கச்சி, வீட்டுக்காரர் சொன்னதை நான் ரெண்டு தடவை வாசிச்சேன்.

படத்தைக் காட்டுங்க. வனத்துறை அலுவலகத்துல குடுக்கலாம். வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவுக்கு இராமநாதபுரத்துலயே ஒரு கிளை இருக்கு, கடல் அட்டை, கடல் குதிரை கடத்தலுக்காக வச்சது. செடியும் அவங்க வேலைதான். குழுவோட பேர், தேதி, எண் தெரியுற மாதிரி படம் எடுத்து வச்சுக்குங்க. உங்க பேரை வெளியில சொல்ல வேண்டியதில்லை.

பதியன் தாராளமா எடுங்க. கலப்புச் செடியில அந்தத் தடை இல்லை. வாங்கின சீட்டைப் பத்திரமா வச்சிருங்க, விக்கும்போது "நர்சரிச் செடியிலேர்ந்து எடுத்தது"ன்னு எழுதிக் குடுங்க. கொடி நீண்டப்புறம் ரெண்டு மூணு கணு விட்டு நறுக்கி, இலையைப் பாதியாக் கத்தரிச்சு, அலசின பாசியில ஊணி, மேல கண்ணாடித் தாள் மூடி நிழல்ல வைங்க. உங்க கைக்கு இது புதுசு இல்லை. மல்லியைவிட நாள் பிடிக்கும், அவ்வளவுதான். மதுரைக்காரங்க கேட்ட செடியை ஒண்ணையும் பிடுங்காம நீங்க குடுக்க முடியும்னா அதைவிட எனக்கு வேற என்ன வேணும்?

மண்டபம் மகளுக்கு. அம்மா சொன்னது நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா. லின்னேயஸ் 1753-ல பேர் வச்சது அந்தச் செடிக்குத்தான். இலங்கையில மட்டும் இருக்கு, அதுவும் தென்மேற்கு ஈரப் பகுதியில. இராமேஸ்வரத்துலேர்ந்து நேர்கோட்டுல முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். மேகாலயா ரெண்டாயிரத்துக்கு மேல. தூரத்தைப் பார்த்தா நம்ம பக்கத்து வீட்டுச் செடி. ஆனா இந்தச் செடிக்கு வருஷம் முழுக்கக் காத்துல ஈரம் வேணும், மழை விட்டு விட்டுப் பெய்யணும். நமக்கு வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டர் சொச்சம், அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில கொட்டித் தீர்ந்துடும். மிச்ச மாசம் வறட்சி. அதைக் குடுவை தாங்காது. அம்மாகிட்ட அந்தத் தண்டை எப்படி உரிப்பாங்க, காயவச்சா பச்சையாவா கட்டுவாங்கன்னு கேட்டு எழுதுங்க. இதெல்லாம் எங்க ஜாடிச் சீட்டுல இருந்ததே இல்லை.

தம்பியோட கேள்விதான் இதுல முக்கியம். இருக்கு தம்பி. நம்ம கண்மாயிலயே இருக்கு.

மழை முடிஞ்சு கண்மாய் பெருகி, தண்ணி தெளிஞ்சதும், கரையோரம் ஆழம் இல்லாத இடத்துல மஞ்சள் பூ தண்ணிக்கு மேல குச்சி குச்சியா நிக்கும். அவரைப் பூவைச் சின்னதாக்கின மாதிரி. அதுக்குக் கீழ பாசி மாதிரி ஒரு தண்டு மிதக்கும், வேரே கிடையாது. அது யூட்ரிகுலேரியா. தண்டு பூரா கடுகு அளவுல, அதைவிடச் சின்னதுமா பை பையா இருக்கும். லென்ஸ் வச்சுப் பார்த்தா பையோட வாயில ஒரு கதவு, கதவுல ரெண்டு மூணு மயிர். பை தன்னோட தண்ணியை வெளியில தள்ளிட்டு வயிறு ஒட்டி உக்காந்திருக்கும். தண்ணிப்பூச்சி மயிர்ல பட்டதும் கதவு உள்ள திறந்து, தண்ணியோட பூச்சியையும் உறிஞ்சி, மூடிக்கும். ஒரு நொடியை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சுடும். அதனால அசைவைப் பார்க்க முடியாது. உள்ள கறுப்பா ஏதாவது இருந்தா சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம்.

தரையில அழுகண்ணி. சித்த வைத்தியர்கள் சொல்ற பேர் அது. ஈரம் காயாத மணல் திட்டுல, விரல் உயரத்துக்கு நிக்கும். இலை பூரா செவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் முனையிலயும் ஒரு சொட்டு. உச்சி வெயில்லயும் அந்தச் சொட்டு காயாது, கண்ணீர் மாதிரி நிக்கும். பனின்னு நினைச்சுக் கொசு வந்து உக்காரும், ஒட்டிக்கும்.

இந்த ரெண்டும் குடுவைச் செடி மாதிரியேதான், சத்தில்லாத இடமாப் பார்த்து வாழுது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு 2022-ல ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற அங்கீகாரம், கிடைச்சப்ப நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன், பறவைக்காகவாவது கண்மாய் கண்மாயா நிக்கும்னு. எங்க ஊர்ச் சின்னக் கண்மாய்க்கு அப்படி ஒண்ணும் கிடையாது. வயல்ல போடுற யூரியா வடிஞ்சு வர்ற மேற்கு மூலையில ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கு. முந்தி அங்கதான் மஞ்சள் பூ நிறைய இருக்கும். இப்ப தண்ணி தெளிவா இருக்கிற கிழக்குக் கரையில மட்டும் இருக்கு. போன தையில எண்ணிப் பார்த்தேன், பதினாலு பூ.

மழை நல்லா பெஞ்சா தை பிறந்ததும் ஒரு ஞாயித்துக்கிழமை தம்பியைக் கூட்டிக்கிட்டு வாங்க. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள.


பதியன்காரி, தங்கச்சிமடம்

கண்டிப்பா வர்றோம் அண்ணே. மண்டபம் தங்கச்சி, நீங்களும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க.

இவன் இப்பவே மூடி போட்ட கண்ணாடி பாட்டில் ரெண்டைக் கழுவிக் காயவச்சுட்டான். பள்ளிக்கூடத்துல காட்டணுமாம். கொண்டு வரலாமா?


ஆய்வகம், சாயல்குடி

ஒண்ணைக் கொண்டு வரட்டும், மூடி வேண்டாம். கண்மாய்த் தண்ணியையே மொண்டு, ஒரு விரல் நீளத் தண்டை அதுல விட்டு, வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்போம். படம் வரையணும்னா கரையில உக்காந்தே வரையட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அப்புறம் பாட்டிலைச் சாய்ச்சு எடுத்த இடத்துலயே விட்டுடலாம். லென்ஸ் என்கிட்ட இருக்கு.

தண்ணிக்குள்ள இறங்கும்போதும் செருப்பைக் கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. கிழக்குக் கரை பூரா சீமைக்கருவேல முள்.